கையால் இழுக்கிற சுவிட்ச்

2001 ஜூனில் ஹூஸ்டனில் மழை கொட்டித் தீர்த்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. மருத்துவமனைகளுக்கு மின்சார அமைப்பை வடிவமைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. எது எங்கே போகவேண்டும் என்று மூத்த பொறியாளர்கள் சொல்வார்கள். நான் கணினியில் கோடு போடுவேன். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் என் மேலதிகாரி, அறுபதை நெருங்கிய ஒரு டெக்சஸ்காரர், என் மேசைக்கு வந்து என் கால் அளவு என்ன என்று கேட்டார். ரப்பர் பூட்ஸ் வாங்குவதற்காக.

அன்று மத்தியானம் அவர் என்னை ஒரு மருத்துவமனையின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு. அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது. ஜெனரேட்டர் இருந்த தளம் நனையவில்லை. ஆனால் அதிலிருந்து மின்சாரத்தைக் கட்டடத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் பேனல்கள் எல்லாம் கீழே இருந்தன. ஒரு கதவைத் திறந்தேன். உள்ளே இருந்து சேறு என் பூட்ஸ் மேலேயே வழிந்தது. மேல்மாடிகளில் இருந்த நோயாளிகளை இருட்டில் படிக்கட்டு வழியாகக் கையாலேயே தூக்கி இறக்கினார்கள் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு வருஷம் எங்கள் அலுவலகத்துக்கு வேறு வேலையே இல்லை. கீழே இருந்ததையெல்லாம் மேலே கொண்டுபோனோம். எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, தண்ணீர் வந்தால் இது நனையுமா என்பதுதான். நனையும் என்றால் மேலே. எனக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாணமாகி ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற புறநகரில் வீடு வாங்கியபோது கராஜில் இருந்த வாட்டர் ஹீட்டரைப் பார்த்து இதை ஏன் தரையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். என் கணவர் வீடு விற்கும் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார்.

2005 வசந்தத்தில் அந்த மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். சின்ன நாடுகளில் கட்டும் மருத்துவமனைகளின் வரைபடங்களை இலவசமாகப் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் சிலரோடு சேர்ந்திருந்தார். இந்தியாவுக்குத் தெற்கே கடலில் சிதறிக்கிடக்கும் ஒரு தீவு நாடு. அதில் ஒரு தீவின் சுகாதார நிலையம் சுனாமியில் போய்விட்டது. புதிதாகப் பத்துப் படுக்கையோடு ஒரு சின்ன மருத்துவமனை கட்டுகிறார்கள். மின்சாரப் பகுதியை நான் பார்த்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். "அங்கே பொறுப்பில் இருக்கும் நர்ஸ் உன் மொழி பேசுகிறவர். எனக்கு அவர் சொல்வது பாதிதான் புரிகிறது. உனக்கு முழுசாகப் புரியும்" என்றார்.

அப்போது என் மகளுக்குப் பத்து மாதம். ஆனாலும் சரி என்றேன். நாகூரில் என் பெரியம்மா வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்டுத் திரும்பியிருந்தது. அந்த டிசம்பரின் கடைசி நாட்கள் முழுக்க நான் கேட்டியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒன்று செய்தால் தேவலை என்று தோன்றியது.

இங்கே காலை ஆறரை என்றால் அங்கே சாயங்காலம் நாலரை. நான் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவேன். என் கணவர் அந்த நேரத்தில் பிள்ளையை டேகேருக்குக் கிளப்புவார். முதல் நாள் நான் ஹலோ சொன்னவுடனே, "மேடம், தமிழ்லயே பேசலாமா?" என்றது அந்தக் குரல். நாகர்கோவில் பேச்சு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவரும் இரண்டு மகன்களும் ஊரில். வளைகுடாவில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு அந்தத் தீவுக்கு வந்தவர். டாக்டர் பக்கத்துத் தீவிலிருந்து வாரம் இரண்டு நாள் படகில் வருவார். மற்ற நாளெல்லாம் இவர்தான். நான் அவரைக் கடைசிவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன்.

"டிராயிங் பாத்தேன் மேடம். ஜெனரேட்டர மாடியில வச்சிருக்கீங்க."

"ஆமா சிஸ்டர். தண்ணி வந்தா கீழ எது இருந்தாலும் போயிடும். நாங்க இங்க அனுபவப்பட்டிருக்கோம்."

"சரி. டீசல மாடிக்கு யாரு தூக்கிட்டுப் போவா?"

நான் வரைபடத்தில் மாடிப்படியைத் தேடினேன்.

"பேரல் படகுல வரும் மேடம். மணல்ல உருட்டிக்கிட்டு வருவாங்க. மாடிப்படி ஏத்த முடியாது. ஒரு ஆள்தான் இருக்காரு, ஜெனரேட்டர் பாத்துக்கிடுதவரு. அவருக்கு முதுகு வலி வேற. நான்தான் மாத்திரை குடுக்கேன்."

"ஒரு பம்ப் வைக்கலாமே."

"கரண்ட் போன நேரத்துலதான டீசல் வேணும். அப்ப பம்பு எதுல ஓடும்?"

கைப்பம்பு என்றேன். இங்கே ஊசி டப்பாவே துருப்பிடிக்கிறது, பம்பு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார். அதோடு ஜெனரேட்டருக்கு நேர் கீழே நான் வரைந்திருந்தது பிரசவ அறை. மேலே அது ஓடினால் கீழே பேசினால்கூடக் கேட்காது. ஹூஸ்டனில் டீசல் லாரியில் வந்து குழாய் வழியாகத் தானாக ஏறும். ஏறாத இடம் ஒன்று உண்டு என்று நான் யோசித்ததே இல்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அவர் ஒரு நாள் நூலில் முடிச்சுப் போட்டு அளந்து, அந்தத் தீவில் வழக்கமாக அலை ஏறும் உயரத்தைச் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். சிலர் முழங்கால் என்றார்கள், சிலர் தொடை என்றார்கள். குட்டையான ஆள் சொன்ன தொடை எது, உயரமான ஆள் சொன்ன முழங்கால் எது என்று கணக்குப் பார்த்து ஒரு அளவுக்கு வந்திருந்தார். நாங்கள் அதற்கு மேலே நெஞ்சளவுக்கு ஒரு கான்கிரீட் மேடை என்று முடிவு செய்தோம். டீசல் பீப்பாயை உருட்டி ஏற்ற ஒரு சரிவுப் பாதையும்.

"சுனாமி மறுபடி வந்தா இது தாங்காது சிஸ்டர்" என்றேன்.

"வந்தா ஒண்ணும் தாங்காது மேடம். அது எப்பவோ ஒரு தடவ. எனக்குப் பயம் அது இல்ல. இந்த அலை இருக்கு பாருங்க, முன்ன எப்பவாவது வரும்னு இங்க உள்ளவங்க சொல்லுதாங்க. இப்ப வருஷா வருஷம் வருது. மழை பிந்துது. தொட்டில தண்ணி தீந்து போவுது. டெங்கு இல்லாத மாசம்னு ஒண்ணு இருந்துச்சாம், இப்ப அதுவும் இல்ல. அந்த நாள்ல எனக்கு லைட்டு எரியணும், ஊசி மருந்து கெடாம இருக்கணும், தண்ணி வேணும். அவ்வளவுதான்."

இந்த மூன்றையும் நான் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

தடுப்பூசி மருந்துக்கு நான் ஒரு விலை கூடிய சோலார் ஃப்ரிட்ஜை யோசித்திருந்தேன். அவர், "நம்ம ஊர்ல பிஎச்சியில ஐ.எல்.ஆர் இருக்குமே மேடம், அது போதும்" என்றார். எனக்கு அது என்னவென்றே தெரியாது. உள்சுவர் முழுக்க ஐஸ் உறைந்து நிற்கும் ஃப்ரிட்ஜ் என்று விளக்கினார். மின்சாரம் போனாலும் மூடியைத் திறக்காமல் இருந்தால் ஒரு நாளுக்கு மேலேயே குளிர்ச்சி நிற்குமாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி நான் டெக்சஸில் உட்கார்ந்து இணையத்தில் தேடிப் படித்தேன். அதையே போட்டோம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் மின்சாரம் போனதும் மருத்துவமனையை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச். இங்கே அது தானாக மாறவேண்டும், அதுவும் பத்து வினாடிக்குள். அதுதான் சட்டம்.

"எங்க ஊர்ல கல்யாண மண்டபத்துல இருக்குமே, கையால இழுக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அது போதாதா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?"

"இங்க ஆபரேஷன் கெடையாது. பிரசவம்தான்."

"பிரசவத்துக்கு நடுவுல போனா? யாரு ஓடிப் போய் இழுக்கிறது? இது ஒரு ஆஸ்பத்திரி சிஸ்டர். ஆட்டோமேட்டிக்தான் சேஃப்."

அவர், "நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதில் குத்தல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு வேலையைச் சரியாக முடித்த திருப்தியோடு ஐ-டென் ஃப்ரீவேயில் ஏறினேன். அந்த வருஷங்களில் ஃப்ரீவேயை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் தானாக மாறும் அந்தச் சுவிட்சுக்கு எந்த மாடல் போடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

2006 கடைசியில் கட்டடம் முடிந்தது. புகைப்படங்கள் ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் வந்தன. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, நெஞ்சளவு மேடையில் ஜெனரேட்டர். அதன் பக்கத்தில் வெளிர் பச்சைச் சேலையில் சிரிக்காமல் நிற்கும் ஒரு அம்மாள். அப்போதுதான் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

அடுத்த வருஷம் மே மாதம் கடல் ஏறியது. செய்தியில் இரண்டே வரி பார்த்தேன். மூன்று நாள் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நாலாம் நாள் காலை எடுத்தார்.

"நல்லா இருக்கேன் மேடம். எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. நல்ல வெயில். காற்று இல்லை, மழை இல்லை. "கடல் மட்டும் நடந்து வருது மேடம். சத்தமே இல்ல. வாசல்ல செருப்பு மெதக்குது, அத வச்சுத்தான் பாத்தேன்." தீவின் மின்நிலையத்தை உடனே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் கட்டிய மேடை நனையவில்லை. ஆனால் ஜெனரேட்டர் ஓடவில்லை. தானாக மாற்றும் பெட்டியின் உள்ளே இருந்த மின்னணுத் தகடு முழுக்கப் பச்சை பூத்துக்கிடந்தது. உப்புக்காற்று. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ, யாருக்கும் தெரியாது. வெளியே பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தண்ணீர் ஏறியதும் தன் பிள்ளைகளைத் தூக்க வீட்டுக்கு ஓடிவிட்டார். அவர் வீடு கடற்கரையில். சிஸ்டரே போய் சாவியைத் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறார். எஞ்சின் ஓடியது. மின்சாரம் உள்ளே வரவில்லை. சுவிட்ச் ஊர் மின்சாரத்தின் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றது. அதைக் கையால் இந்தப் பக்கம் தள்ள வழியில்லை. தள்ளும் நெம்புகோல் உள்ள மாடலும் இருந்தது. தேவையில்லை என்று நான்தான் அது இல்லாததைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"ஒரு பிரசவம் இருந்துச்சு. கட்டில ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுட்டோம். பொழுது அடையறதுக்குள்ள பெறந்துட்டுது. பொம்பளப் பிள்ள. அதுல பிரச்சனை இல்ல."

"வேற எதுல பிரச்சனை சிஸ்டர்?"

"ஸ்கூல் டீச்சர் ஒருத்தி. ஆஸ்துமா. தண்ணியில நனைஞ்சு பிள்ளைகள மாடிக்கு ஏத்திருக்கா. இழுத்துக்கிட்டு வந்தா. மருந்து இருக்கு, புகையா குடுக்குற மிஷினு இருக்கு, கரண்ட் இல்ல. ஊசி போட்டேன். கேக்கல. படகுல ஏத்தி பெரிய தீவுக்கு அனுப்பினேன். ரெண்டு மணி நேரம். கூட நானும் போக முடியாது, இங்க பிள்ளத்தாச்சி கெடக்கா. ஆயாவ அனுப்புனேன்."

அவரே சொன்னார். "பொழச்சுட்டா. இன்னும் அங்கதான் இருக்கா. நேத்து போன்ல பேசினா."

மறுநாள் மீன்பிடிப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவர் வந்து அந்தப் பெட்டியை அப்படியே ஓரம் கட்டிவிட்டு, ஜெனரேட்டரிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து உள்ளே கொடுத்திருக்கிறார். ஐ.எல்.ஆரில் இருந்த தடுப்பூசி மருந்து ஒன்றுகூடக் கெடவில்லை.

"சிஸ்டர், நீங்க சொன்னீங்க. கையால இழுக்கிற சுவிட்ச் போதும்னு. நான்தான் கேக்கல."

"நான் ஒரு தடவதான சொன்னேன்" என்றார் அவர். "ரெண்டாவது தடவயும் சொல்லியிருக்கணும். விடுங்க. இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க."

அன்று நான் அலுவலகம் போகவில்லை. என் கணவர் மகளை டேகேரில் விட்டுவிட்டு, எதையோ மறந்தவர்போலத் திரும்பி வந்தார். மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீ எலெக்ட்ரிக்கல் கோட், சட்டப்படிதானே டிசைன் பண்ண? உன் மேல என்ன தப்பு?" என்றார்.

"அது இந்த ஊர் சட்டம்ங்க. இங்க ஒரு பார்ட் போச்சுன்னா சாயந்திரத்துக்குள்ள ஆள் வந்து மாத்திட்டுப் போயிடுவான். அங்க யாரு வருவா? அதை அவங்க சொன்னாங்க. நான் பெருசா ஆபரேஷன் அது இதுன்னு பேசினேன்."

அவர் காப்பி போட்டு வந்து வைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. என் பழைய மேலதிகாரிக்கும் அன்றே எழுதினேன். என் முடிவு என்ன, அதனால் என்ன ஆனது என்று ஒளிக்காமல். அவர் இரண்டு வரியில் பதில் போட்டார். தவறு வரைபடத்தில் இருக்கிறது, எனவே வரைபடத்தைத் திருத்து. திருத்தியதை எனக்கும் அனுப்பு.

கையால் இழுக்கிற சுவிட்சை எங்கிருந்து அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் வழி சொன்னார். அவர் ஆகஸ்டில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார். அவர் கணவர் நாகர்கோவிலில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கி வைப்பார். எந்த அளவு என்று மட்டும் நான் எழுதி அனுப்பவேண்டும். எழுதினேன். இரும்புப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டி, ரப்பர் விளிம்போடு. அவர் அதைத் துண்டில் சுற்றி, முறுக்குக்கும் கருவாட்டுக்கும் நடுவில் வைத்து எடுத்துப்போனார். விமான நிலையத்தில் நிறுத்தி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி சுவிட்ச் என்றாராம். அந்த அதிகாரி கைப்பிடியை மேலே இழுத்து, கீழே இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

அதே படகு எஞ்சின்காரர்தான் அதைப் பொருத்தினார். நான் அனுப்பிய புதிய வரைபடம் ஒரு பக்கம்தான். முதல் வரைபடம் பதினொரு பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ஊர் மின்சாரத்தைத் தாங்களே அணைத்து, சுவிட்சை இழுத்து, கால் மணி நேரம் ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்ப்பது என்று சிஸ்டர் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஜெனரேட்டர்காரர் மட்டும் அல்ல, ஆயா, சமையல்காரர், மருந்து கொடுக்கும் பையன், எல்லோரும் முறைவைத்து. அலை வந்தால் ஜெனரேட்டர்காரர் முதலில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குள் அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் இழுப்பார்கள். இதற்கு அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. செய்துவிட்டுச் சொன்னார். நான் என் வாழ்நாளில் போட்ட எந்த வரைபடத்திலும் ஜெனரேட்டர்காரரின் பிள்ளைகள் இருந்ததில்லை.

அந்த வருஷத்துக்குப் பிறகு அவர் என்னை மேடம் என்பதை விட்டுவிட்டுத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். எப்போது என்று சரியாக நினைவில்லை.

2008 செப்டம்பரில் புயல் எங்கள் பக்கம் வந்தது. ரமலான் மாதம். கேட்டி கடலிலிருந்து தள்ளி இருப்பதால் தண்ணீர் வரவில்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது, ஒன்பது நாளைக்கு. வேலியும் ஓக் மரத்தின் ஒரு பெரிய கிளையும் விழுந்தன. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமாவுக்கு, என் கணவரின் தகப்பனாருக்கு, சர்க்கரை வியாதி. நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருந்தது. மருத்துவமனைகளுக்கு மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வது எனக்குத் தொழில். என் வீட்டில் ஒரு டார்ச்சுக்கு பேட்டரி இல்லை.

இரண்டாம் நாள் காலை செல்ஃபோன் எதிலும் சிக்னல் இல்லாதபோது, சுவரில் மாட்டிய பழைய லேண்ட்லைன் அடித்தது.

"தங்கச்சி, டிவில காட்டுதாங்க. நல்லா இருக்கீங்களா? மாமாவுக்கு இன்சுலின் எங்க வச்சிருக்கீங்க?"

"கூலர்ல சிஸ்டர். ஐஸ் போட்டு வச்சிருக்கேன். ஐஸ் எங்கயும் கிடைக்கல, இன்னிக்குத் தீந்திடும்."

"ஐஸ தொட்டுக்கிட்டா இருக்கு? உறைஞ்சா அது வேலைக்கு ஆவாது. மொதல்ல வெளிய எடுங்க. இப்ப போடுற பாட்டில் ஒரு மாசம் வெளியவே இருக்கலாம், வெயில் படாம, ரொம்பச் சூடு ஏறாம. மண் சட்டி இருக்கா?"

பூந்தொட்டி இருந்தது. கார்டன் கடையில் வாங்கிய இரண்டு மண்தொட்டிகள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ரோஜாவைப் பிடுங்கி வாளியில் வைத்தேன். சிஸ்டர் சொன்னபடி பெரியதற்குள் சின்னதை வைத்து, நடுவில் மகளின் விளையாட்டு மணலைக் கொட்டி நனைத்து, உள்ளே பாட்டில்களை வைத்து ஈரத்துணியால் மூடினேன். "ஈரக்காத்துல பெருசா குளிராது. ஆனா கொதிக்காம நிக்கும்" என்றிருந்தார். அன்று சாயங்காலமே வடக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பியது. தொட்டி நன்றாகவே குளிர்ந்தது.

நாலு வயது மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "வொய் இஸ் தாத்தாஸ் மெடிசின் இன் த ஃப்ளவர் பாட்?"

"அதுக்குச் சூடு ஆகாதும்மா, அதான்" என்றார் மாமா.

"வில் இட் க்ரோ?"

மாமா அதை யோசிப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

எங்கள் தெருவில் அந்த வாரம் எல்லோரும் ஃப்ரீசரில் உருகிக்கொண்டிருந்த இறைச்சியை வாசலில் சுட்டுத் தள்ளினார்கள். எதிர்வீட்டுக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு ஆந்திராக்காரர், நோன்பு திறக்கும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு பழத்தட்டோடு வருவார். அவர் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வந்திருந்தார். கராஜுக்குள்ளேயே, கதவைப் பாதி இறக்கிவிட்டு அதை ஓட்டினார். நான் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அதை அணைத்தேன்.

"மழை பெய்ஞ்சா நனைஞ்சிடுமே மேடம்" என்றார் ஆங்கிலத்தில்.

அதன் புகை வீட்டுக்குள் போனால் ஆளையே கொன்றுவிடும் என்று சொன்னேன். நானும் அவரும் என் கணவரும் சேர்ந்து அதைத் தூக்கி வெளியே வைத்து, மேலே ஒரு மேசையைக் கூரைபோல நிறுத்தினோம். அதிலிருந்து ஒரு வயர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாமாவின் அறையில் ஒரு மின்விசிறி சுற்றியது.

மின்சாரம் வந்த பிறகு நான் செய்த முதல் காரியம், வீட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியது. அலுவலகத்திலும் ஒரு மாற்றம் செய்தேன். மருத்துவமனைக்காரர்களோடு உட்காரும் முதல் கூட்டத்தில், புயலன்று வேலைக்கு வரப்போகிற ஆட்களின் குடும்பம் எங்கே இருக்கும் என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் முறை கேட்டபோது அது மின்சாரக்காரி கேட்கவேண்டிய கேள்வியா என்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு பெண், இரவுப்பணி மேலாளர், மட்டும் பேனாவை எடுத்தாள்.

2009 மார்ச்சில் சிஸ்டரின் ஒப்பந்தம் முடிந்தது. மூத்த மகன் கல்லூரியில் சேரப்போகிறான், ஊரில் இருக்கவேண்டும் என்றார். நாகர்கோவிலிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. "அங்கயும் ஜெனரேட்டர் இருக்கு தங்கச்சி. அண்டர்கிரவுண்டுல வச்சிருக்காங்க. போனவுடனே சண்டை போடணும்" என்றார். அவர் சிரிப்பதை நான் அன்றுதான் நன்றாகக் கேட்டேன்.

அவர் இடத்துக்கு வந்தது அந்தத் தீவிலேயே பிறந்து, வெளியே போய் நர்சிங் படித்துத் திரும்பிய ஒரு பெண். இருபத்தாறு வயது இருக்கலாம். நிதானமான ஆங்கிலம். சிஸ்டர் என் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏப்ரலில் ஒரு காலை கூப்பிட்டாள். சனிக்கிழமைச் சோதனை ஒழுங்காக நடக்கிறது, சுவிட்சின் கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, கிரீஸ் வைக்கலாமா என்று கேட்டாள். எந்த கிரீஸ், எங்கே வைக்கவேண்டும், எங்கே வைக்கவே கூடாது என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பிறகு, இன்னொன்று கேட்கலாமா என்றாள். போன அலைக்குப் பிறகு தீவின் வடக்குப் பக்கக் கிணறுகள் உப்பாகவே இருக்கின்றன. பிரசவமான பெண்களுக்கும் டயாலிசிஸ் முடிந்து ஊர் திரும்பும் ஒருவருக்கும் குடிக்கக் கொடுக்கும் தண்ணீர் மழைத்தொட்டியிலிருந்துதான். மழை பிந்தினால் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. உப்பை எடுக்கும் மிஷின் வைக்கச் சொல்கிறார்கள். அது எங்கள் ஜெனரேட்டரில் ஓடுமா? ஓடினாலும், அது பழுதானால் யார் பார்ப்பது?

ஜெனரேட்டரில் ஓடுமா என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். மற்றதற்கு முடியாது. தண்ணீர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரை எந்த மிஷினுக்கும் கையெழுத்துப் போடவேண்டாம் என்றும் சொன்னேன். தொட்டியின் நீளம், அகலம், ஆழம் கேட்டேன். அளந்து சொல்ல அவள் வெளியே போனாள். தொலைபேசி மேசைமேல் கிடந்தது. யாரோ நடக்கும் சத்தமும், ஒரு குழந்தை அழுவதும், தூரத்தில் படகு எஞ்சினும் கேட்டன. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.